30 மில்லி வயிறு பிறந்த கதை

இருமல் மருந்து பாட்டிலின் தலையில் கோடு போட்ட பிளாஸ்டிக் மூடி ஒன்று கவிழ்ந்திருக்குமே, அதைப் போன்றதுதான், கொஞ்சம் பெரிது. 30 மில்லி பிடிக்கும். வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் நோயாளியின் கையில் நாங்கள் முதலில் கொடுப்பது அந்தக் கிண்ணத்தைத்தான். அதில் வெறும் தண்ணீர். ஒரே மடக்காகக் குடிக்கக் கூடாது. கால் மணி நேரம் அதை வைத்துக்கொண்டு, உதட்டை நனைத்து, நாக்கை நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். சொம்பை அண்ணாந்து கடகடவென்று குடித்துப் பழகியவர்களுக்கு அது சுலபமாக வருவதில்லை.

நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். தொண்டையில் இறங்கிய தண்ணீர் நெஞ்சுக்குக் கீழே போய் ஒரு நொடி தயங்குவதை அவர்கள் முகத்திலேயே படிக்கலாம். புருவம் சுருங்கும், பிறகு விரியும். அது விரிந்துவிட்டால் எனக்கும் மூச்சு வரும்.

அன்று படுக்கையில் இருந்தவர் தையல் கடை நடத்தும் பெண். 42 வயது, 118 கிலோ. பத்து வருடமாகச் சுகர். காலையும் இரவும் இன்சுலின். பாதிக் கிண்ணம் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"போதும் சார்."

"வலிக்குதாம்மா?"

"வலி இல்ல சார். பசியே இல்ல. நேத்தும் இல்ல, இன்னிக்கும் இல்ல. வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து பசிக்காம ஒரு வேளை இருந்ததில்ல. எனக்குப் பயமா இருக்கு சார்."

பேசிக்கொண்டே அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். உள்ளே தையல் எங்காவது கசிந்தால் காய்ச்சல் வருவதற்கு முன்பே நாடி ஓடத் தொடங்கிவிடும். பருத்த உடம்பில் வயிற்றை அமுக்கிப் பார்த்து எதையும் சுலபத்தில் கண்டுபிடிக்க முடியாது. விரலுக்குக் கீழே ஓடும் அந்தத் துடிப்புதான் முதல் தகவல். காரணம் தெரியாமல் நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு 88. சிஸ்டர் சார்ட்டைத் திருப்பிக் காட்டினார். இன்சுலின் போடாமலே சர்க்கரை 142.

போன பசி, இறங்கிய சர்க்கரை. இந்த ஆபரேஷனை முதன்முதலில் செய்தவர் இந்த இரண்டையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை. பல வருடங்கள் கழித்து, தேறிவரும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களின் கண்ணில்தான் இவை பட்டன. சொல்லப்போனால் இந்த ஆபரேஷனே அப்படித்தான் பிறந்தது. கத்தி பிடித்த கையைவிட, ஆறு மாதம் கழித்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காதுக்குத்தான் இதில் பங்கு அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கதை அல்சரில் தொடங்குகிறது.

வியன்னாவில் தியோடோர் பில்ரோத் 1881 ஜனவரியில் புற்றுநோய் வந்த இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, மிச்சத்தைக் குடலோடு தைத்தார். அந்த ஆபரேஷனில் பிழைத்தெழுந்த முதல் நோயாளி அவருடையவர். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் வயிற்றுப் புண்ணுக்கும் உலகம் முழுவதும் இந்த வகை ஆபரேஷன் பரவலாக நடந்தது. அமிலத்தைக் கட்டுப்படுத்தும் நல்ல மாத்திரைகள் 1970-களின் பிற்பகுதியில்தான் வந்தன. தென்னிந்தியாவில் அந்தக் காலத்தில் சிறுகுடல் தொடக்கத்தில் வரும் புண் மிகவும் அதிகமாக இருந்தது. எனக்குப் பாடம் எடுத்தவர்கள் அல்சர் ஆபரேஷன் செய்தே கை பழகியவர்கள். நடு வயிற்றில் தொப்புள்வரை நேர்கோடாகத் தழும்போடு ஓ.பி.க்கு வரும் பெரியவர்களை மாணவனாக நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மெலிந்த உடம்பு. "வலி போச்சு, ஆனா ஒடம்பு தேறவே மாட்டேங்குது" என்பார்கள். நாங்கள் அதை ஆபரேஷனின் பக்கவிளைவு என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவோம்.

அதே பக்கவிளைவை அயோவாவில் ஒருவர் வேறு விதமாகப் படித்தார்.

அவர் எட்வர்ட் மேசன். 1920-இல் ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் பிறந்தவர். அயோவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓவன் வாங்கன்ஸ்டீனிடம் அறுவை சிகிச்சை பயின்று, 1953-இல் அயோவாவுக்கே ஆசிரியராகத் திரும்பினார். அவர் பயின்ற மினசோட்டாவில் அந்தக் காலத்தில் சிறுகுடலைப் பற்றி ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருந்தது. இவ்வளவு நீளக் குடலில் எந்தப் பகுதி நமக்கு நிஜமாகவே தேவை? கிரெமன், லின்னர், நெல்சன் என்ற மூவர் நாய்களில் சோதித்தார்கள். மேல் பாதியை இழந்த நாய்கள் சமாளித்துக்கொண்டன. கீழ்ப் பாதியை இழந்தவை கொழுப்பை உறிஞ்ச முடியாமல் மெலிந்தன. 1954-இல் அதை வெளியிட்டபோது, மிகப் பருத்த ஒரு நோயாளிக்கும் அப்படிச் சிறுகுடலைச் சுருக்கித் தைத்ததைச் சேர்த்துச் சொன்னார்கள்.

அங்கிருந்து ஒரு பாதை தவறாகக் கிளம்பியது. லாஸ் ஏஞ்சல்ஸில் பெய்னும் டிவிண்டும் குடலின் தலைப்பகுதியை நேராகப் பெருங்குடலில் கொண்டுபோய் இணைத்துப் பார்த்தார்கள். எடை மளமளவென்று இறங்கியது. கூடவே நிற்காத பேதி, உப்புச்சத்து இழப்பு, கல்லீரல் கேடு. மறுபடி வயிற்றைத் திறந்து சிலருக்குப் பழையபடி இணைக்க வேண்டியிருந்தது. 1969-இல் திருத்திய வடிவத்தைச் சொன்னார்கள்: மேல்குடலில் 14 அங்குலம், கீழ்க்குடலில் 4 அங்குலம். ஏறக்குறைய 20 அடிக் குடலில் ஒன்றரை அடிதான் சோற்றைப் பார்க்கும். மிச்சம் உள்ளேயே சும்மா கிடக்கும். குடல் பைபாஸ் என்ற இதை ஆயிரக்கணக்கானோருக்குச் செய்தார்கள்.

குடல் சும்மா கிடக்காது. ஓட்டம் இல்லாத வாய்க்காலில் பாசி பிடிப்பது போல, ஒதுக்கிவிட்ட குடலில் கிருமிகள் பெருகின. மூட்டுகள் வீங்கின. உறிஞ்சப்படாத கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டதால் ஆக்ஸலேட் தனியாகப் பிரிந்து ரத்தத்துக்குப் போய் சிறுநீரகத்தில் கல்லாகப் படிந்தது. சிலருக்குக் கல்லீரல் செயலிழந்து உயிரே போனது. இவற்றில் எதுவும் ஆபரேஷன் மேஜையிலோ தையல் பிரித்த நாளிலோ தெரியவில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கழித்து வந்தன. அதுவரை யார் நோயாளியோடு தொடர்பில் இருந்தார்களோ அவர்களுக்குத்தான் தெரிந்தது. எடை இறங்கிய கணக்கை மட்டும் எழுதிவைத்தவர்களுக்கு எல்லாமே வெற்றியாகத் தெரிந்தது. என் துறையின் வரலாற்றில் இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். நம்பித்தானே வந்து படுத்தார்கள்?

குடல் பைபாஸ் படுத்திய பாட்டை மேசனும் அறிந்திருந்தார். குடலை விட்டுவிட்டு இரைப்பையின் பக்கம் திரும்பினார். அல்சருக்காக இரைப்பையில் பெரும்பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருக்கிறார்கள், எடை கூட வேண்டும் என்று விரும்பினாலும் கூடுவதில்லை. ஆனால் அவர்கள் வாழ்கிறார்கள். வருடக்கணக்காக, வேலைவெட்டியோடு வாழ்கிறார்கள். வேறொரு நோய்க்குச் செய்த ஆபரேஷனின் நீண்டகாலப் பாதுகாப்பை அந்த மெலிந்த மனிதர்கள் ஏற்கெனவே நிரூபித்துவிட்டுப் போயிருந்தார்கள். மற்றவர்கள் குறை என்று எழுதியதைப் பருத்தவர்களுக்குச் சிகிச்சையாக்க முடியுமா என்று மேசன் யோசித்தார்.

1966-இல் அயோவா சிட்டியில் முதல் ஆபரேஷன். ஜப்பானிலிருந்து வந்து அவரோடு பணியாற்றிய சிகாஷி இடோவும் மேசனும் சேர்ந்து 1967-இல் கட்டுரை வெளியிட்டார்கள். எதையும் வெட்டி வெளியே எடுக்கவில்லை. இரைப்பையைக் குறுக்கே வெட்டி மேலே ஒரு சிறிய பை, கீழே பெரிய மிச்சம் என்று பிரித்தார்கள். சிறுகுடலின் ஒரு வளைவை மேலே தூக்கி அந்தச் சின்னப் பையோடு தைத்தார்கள். சோறு பையிலிருந்து நேராகக் குடலுக்குப் போகும். ஒதுங்கிய பெரிய இரைப்பை உள்ளேயே இருக்கும். அதில் ஊறும் நீர், கல்லீரலின் பித்தநீர், கணைய நீர் எல்லாம் தங்கள் பழைய வழியில் வந்து கீழே சோற்றோடு சேர்ந்துகொள்ளும். எந்தக் குடலும் வறண்ட வாய்க்காலாகவில்லை. இரைப்பை பைபாஸ் என்ற இந்த ஆபரேஷனைக் குடல் பைபாஸிலிருந்து பிரித்துக் காப்பாற்றியது இந்த ஓட்டம்தான்.

முதலில் மேசன் விட்டுவைத்த பை இன்றைக்கு நாங்கள் வைப்பதைவிடப் பெரியது. பின்தொடர்ந்து பார்த்ததில், பை பெரிதாக இருந்தால் எடை போதுமான அளவு இறங்கவில்லை. அதிகம் ஊறும் அமிலத்தால் இணைப்பில் புண்ணும் வந்தது. 1970-களில் பையை 50 மில்லிக்குள் சுருக்கினார். இப்போது பொதுவாக 30 மில்லி அளவு. காலையில் நாங்கள் கையில் கொடுக்கும் அந்தக் கிண்ணத்தின் அளவுதான் உள்ளே இருக்கும் வயிற்றின் அளவும். நோயாளிக்கு இதை விளக்கப் படம் எதுவும் போடுவதில்லை. கிண்ணத்தைக் காட்டி "இவ்வளவுதாம்மா" என்பேன்.

வளைவாகத் தூக்கித் தைத்த குடல் வழியாகப் பித்தநீர் சின்னப் பைக்குள் ஏறிச் சிலரை வாட்டியது. கென்டக்கியில் வார்ட் கிரிஃபன் 1977-இல் அதற்கு வழி சொன்னார். ஸ்விட்சர்லாந்தின் லொசான் நகரில் செசார் ரூ என்பவர் 1890-களிலேயே வேறு தேவைக்காகப் பயன்படுத்திய Y வடிவ இணைப்பை இதற்குக் கொண்டுவந்தார். Y-யின் ஒரு கையில் சோறு, இன்னொரு கையில் பித்தநீர். இரண்டும் கீழே கூடும். இன்றும் பைபாஸ் என்றால் பெரும்பாலும் இந்த வடிவம்தான்.

மேசன் தன் குழந்தையான இரைப்பை பைபாஸை விட்டே விலகிப்போனார் என்பதையும் சொல்ல வேண்டும். குடலைத் தொடாமல், இரைப்பையில் மட்டும் ஸ்டேப்ளர் போட்டு வாசலைக் குறுக்கினால் ஆபத்து இன்னும் குறையுமே என்று நினைத்தார். 1980-இல் இரைப்பையின் மேல்பகுதியைச் செங்குத்தாகப் பிரித்து, வாசலில் வலைத்துணியால் பட்டை கட்டும் முறையைத் தொடங்கினார். அமெரிக்கா முழுவதும் அது பரவியது. பிறகு நோயாளிகள் சொன்னது: கறியும் ரொட்டியும் இறங்குவதில்லை, வாந்தி வருகிறது, ஐஸ்கிரீமும் இனிப்புப் பானமும் சுகமாக இறங்குகின்றன. பலருக்கு எடை திரும்ப ஏறியது. வாசலை அடைத்தால் மட்டும் போதாது, உள்ளே வேறேதோ நடக்க வேண்டும் என்பது அந்தத் தோல்வியில்தான் தெளிவானது. ஆனால் அது என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது.

மேசனிடம் எனக்குப் பெரிய மரியாதை வரும் இடம் இதற்கு அடுத்தது. 1983-இல் இந்தத் துறைக்கு ஒரு சங்கத்தைத் தொடங்கிவைத்தார். 1986-இல் அயோவாவில் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். பல ஊர் மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் எடையையும் சிக்கல்களையும் இறப்புகளையும் அதில் அனுப்பிப் பதிய வேண்டும். தன் முறை தோற்றதா ஜெயித்ததா என்பதைத் தன் வாயால் சொல்லாமல் ஏட்டைச் சொல்லவிட்டார். குடல் பைபாஸ் காலத்தில் அப்படி ஓர் ஏடு இருந்திருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்!

பின்தொடர்வதைப் பற்றி இவ்வளவு பேசும் நான் அதில் தவறியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், ஓர் இளைஞர். ஆபரேஷன் அருமையாக முடிந்தது; மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினேன். என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று ஒரு தாள் நிறைய எழுதிக்கொடுத்தேன். எப்போது பயப்பட வேண்டும் என்று எழுதவில்லை. வீட்டுக்குப் போனதும் வாந்தி தொடங்கியிருக்கிறது. சின்ன வயிறு, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள். சோர்ந்தபோது ஊரில் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். நான்காவது வாரம் என்னிடம் வந்தபோது இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். கால் தள்ளாடியது. "ரெண்டு ரெண்டா தெரியுது சார்" என்றார். பி1 வைட்டமின், தயமின். உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். விடாமல் வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோகும். தீர்ந்த நிலையில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் எரிந்துபோய் மூளை அடிவாங்கும். உடனே தயமின் ஊசி போட்டோம். பார்வை சில நாட்களில் சரியானது. நடை சீராக மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் அவர் அம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "நீங்க பாத்துக்குவீங்க சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அதிலிருந்து என் தாளின் முதல் வரி சாப்பாட்டைப் பற்றியது அல்ல. "ஒரு நாளுக்கு மேல் வாந்தி நிற்கவில்லை என்றால், இரவானாலும் கூப்பிடுங்கள்" என்பதுதான்.

சர்க்கரையின் கதைக்கு வருகிறேன். வட கரோலினாவின் கிரீன்வில்லில் வால்டர் போரிஸ் 1980-இலிருந்து பைபாஸ் செய்துவந்தார். அவருடைய நோயாளிகளில் பலருக்குச் சர்க்கரை நோய். ஆபரேஷனுக்குப் பின் சில நாட்களிலேயே, ஒரு சில கிலோகூட இறங்கும் முன்பே, சர்க்கரை இறங்கிவிட்டது. எடை குறைந்தால் சர்க்கரை குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இங்கே வரிசை தலைகீழாக இருந்தது. அவரும் அவசரப்படாமல் 14 வருடங்கள் 608 நோயாளிகளைப் பின்தொடர்ந்தார். 1995-இல் வெளிவந்த அவர் கட்டுரையின் தலைப்பே, யார்தான் நினைத்திருப்பார்கள் என்று கேள்வியோடு தொடங்கும். சர்க்கரை நோய் இருந்த 146 பேரில் 121 பேருக்கு அளவு இயல்புக்கு வந்து அப்படியே நின்றிருந்தது.

ஏன் என்பதற்கான விடை துண்டு துண்டாக வந்தது. சோறு மேல் குடலைத் தாண்டி விரைவாகக் கீழ்க்குடலைத் தொடும்போது அங்குள்ள செல்கள் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனை நிறையச் சுரக்கின்றன. அது கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினை வரவழைக்கிறது. மூளையிடம் போதும் என்று சொல்கிறது. இப்போது எங்கும் பேச்சாக இருக்கும் செமாக்ளூடைட் ஊசி இந்த ஹார்மோனின் வேலையைத்தான் செய்கிறது. 1999-இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் இரைப்பையில் ஊறும் கிரெலின் என்ற பசி ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். 2002-இல் சியாட்டிலில் கம்மிங்ஸ் குழு அதை அளந்து பார்த்தது. பட்டினி கிடந்து எடை குறைத்தவர்களுக்குக் கிரெலின் ஏறியிருந்தது; பைபாஸ் செய்தவர்களுக்கு அடிமட்டத்தில் கிடந்தது.

இந்த ஒரு முடிவைப் படித்தபோது எனக்குள் ஒரு கோபம் வந்தது. என் நோயாளிகளைப் பார்த்து எத்தனை பேர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள், வாயைக் கட்டு, மனசு வைத்தால் முடியும் என்று! வாயைக் கட்ட கட்ட உடம்பு பசியைக் கூட்டிக்கொண்டே போகிறது. அவர்கள் மனசு வைக்காதவர்கள் அல்லர். வருடக்கணக்கில் தங்கள் ரத்தத்தோடேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள். உறவுக்காரர் கல்யாணப் பந்தியில் "இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டதை, அழாமல் என்னிடம் சொன்னவர்கள் மிகச் சிலர்தான்.

மீதிக் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். சான் டியாகோவில் விட்குரோவும் கிளார்க்கும் பைபாஸைச் சிறு துளைகள் வழியாகவே செய்து காட்டி 1994-இல் வெளியிட்டார்கள். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை இருந்த தழும்பு நான்கைந்து புள்ளிகளாகச் சுருங்கியது. அதனால்தான் ஆபரேஷன் ஆன அன்று மாலையே நோயாளியை எழுப்பி நடக்கவைக்க முடிகிறது. காலின் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போவதுதான் முதல் மாதத்தில் எங்களைப் பயமுறுத்தும் எமன். நடைதான் அதற்கு மருந்து.

இன்று உலகத்தில் மிக அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் முறை பிறந்ததோ, பாதியில் நிறுத்திய ஓர் ஆபரேஷனாக. நியூயார்க்கில் மிஷெல் கான்யே 1999 வாக்கில் குடலின் வழியையும் மாற்றும் மிகச் சிக்கலான ஓர் ஆபரேஷனை லேப்ராஸ்கோப்பில், அதாவது சிறு துளைகள் வழியாக, செய்யத் தொடங்கினார். மிக மிகப் பருத்தவர்களுக்கு அதில் ஆபத்து அதிகமாக இருந்தது. அதனால் இரண்டாகப் பிரித்தார்கள்: முதலில் இரைப்பையை மட்டும் வாழைப்பழம் போல ஒடுக்கமாக்கி அனுப்புவது, கொஞ்சம் எடை இறங்கியபின் மறுபடி வரச்சொல்லிக் குடலைச் செய்வது. வரச்சொன்ன நேரத்தில் வந்தவர்களில் சிலருக்கு எடை போதுமான அளவு இறங்கியிருந்தது. இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படவில்லை. இடைவெளியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தவர்கள் முழுச் சிகிச்சையையும் முடித்திருந்தார்கள்!

இவ்வளவும் ஆயுளைக் கூட்டுகிறதா என்ற கேள்விக்கு ஸ்வீடன் விடை தேடியது. 1987-இல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்ட 2,010 பேரையும் செய்யாத 2,037 பேரையும் வருடம் வருடமாகப் பார்த்தார்கள். 2007-இல் வெளியிட்டபோது, சராசரியாக 11 வருடத்தில், செய்யாதவர்களில் 129 பேர் இறந்திருந்தார்கள். செய்தவர்களில் 101 பேர். 28 உயிர்களின் வித்தியாசம். அதைக் காண ஒரு நாடு அவ்வளவு காலம் பொறுமையாகக் காத்திருந்தது. ஆபரேஷன் யாருக்கு என்ற கணக்கும் மாறிவந்திருக்கிறது. 1991-இல் அமெரிக்க வல்லுநர் குழு, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது வேறு நோய்கள் இருந்தால் 35-க்கு மேல் என்றது. நம்மைப் போன்ற ஆசிய உடம்புகளுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால், 2022-இன் வழிகாட்டுதல் நமக்கு 27.5-இலிருந்தே ஆபரேஷனை முன்வைக்கச் சொல்கிறது.

மேசன் நூறு வயதை நிறைவு செய்து, 2020 டிசம்பரில் மறைந்தார்.

தையல் கடைக்காரம்மாவுக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் பருப்புத் தண்ணீர், வடிகட்டிய மோர், பாலில் கலந்த புரதப்பொடி. பிறகு மசித்த இட்லி, குழைந்த முட்டை. மாத்திரைகளைப் பொடிசெய்து விழுங்கினார். ஒரு நாள் யாரோ வீட்டு விசேஷத்தில் பாதி மைசூர்பாகு வாயில் போட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் வேர்த்துக்கொட்டி, நெஞ்சு படபடக்கப் படுத்துவிட்டார். இனிப்பு வடிகட்டி ஏதுமில்லாமல் குடலில் கொட்டினால் அப்படித்தான் ஆகும். போனில் அழுதார். அதற்கப்புறம் மைசூர்பாகு இருக்கும் தட்டின் பக்கமே போவதில்லையாம்.

மூன்றாவது மாதம் சீப்போடு வந்தார். கொத்தாக முடி. "எடை போனா சந்தோஷம்னு பாத்தா முடியெல்லாம் போகுது சார்." எடை வேகமாக இறங்கும் உடம்பு முடியை வளர்ப்பதை நிறுத்திவைக்கும், அவசரத்துக்குச் செலவைக் குறைக்கும் குடும்பம் போல. இரும்பும் புரதமும் சரியாகப் போனால் ஆறேழு மாதத்துக்குப் பிறகு திரும்ப முளைக்கும். முளைத்தது. ஒரு வருடம் முடிந்தபோது 76 கிலோ. இன்சுலின் நின்றிருந்தது. தான் வைத்திருந்த பழைய ஜாக்கெட்டையே பிரித்துத் தன் அளவுக்குத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்து காட்டினார். பக்கத்துக் கடைக்காரர்கள் ஏதோ பெரிய வியாதி என்று வதந்தி கிளப்பிவிட்டார்களாம். தோல் தொங்கிய கையை முந்தானையால் மூடிக்கொண்டே பேசினார். ஆபரேஷனுக்கு முன் எடுத்த போட்டோவையும் பின் எடுத்த போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாட்டும் பழக்கம் எனக்கு எப்போதும் பிடிக்காதது இதனால்தான். நடுவில் இருக்கும் ஒன்றும் அதில் தெரியாது.

பதினான்காவது மாதம் வந்தபோது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சார், பசி வந்துடுச்சு சார்."

அன்று படுக்கையில் பசி இல்லையென்று பயந்த அதே முகம். திரும்பி வரும், கொஞ்சமாக வரும், அது உடம்பு சமநிலைக்கு வரும் அடையாளம் என்று சொன்னேன். புரதத்தை முதலில் சாப்பிடுங்கள், தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், சாயங்காலம் கடையைச் சுற்றி நடங்கள். எடை நின்றுவிட்டால் மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பி12 குறைவது இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் கை கால் மரத்துக் காட்டும். அதனால் வருடா வருடம் வர வேண்டும், நான் இல்லாவிட்டாலும் இந்த நாற்காலியில் இருப்பவரிடம் வர வேண்டும் என்றேன்.

இது ஆறாவது வருடம். போன மாதம் வந்தார். 81 கிலோ, குறைந்திருந்த அளவிலிருந்து ஐந்து கிலோ ஏறியிருக்கிறது. சர்க்கரைக்கு ஒரு மாத்திரை திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தது. மகளுக்குக் கல்யாணம் முடிந்திருக்கிறது. ஆறு மாதம் நடக்கவில்லை, வேளைக்குச் சாப்பிடவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு. ஐந்து கிலோவை நான் கோப்பில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எழுதணுமா சார்?"

"எழுதணும்மா."

தலையாட்டினார். பி12 ஊசியைப் போட்டுக்கொண்டார். கையில் வெல்லம் போடாத எள்ளுப்பொடி ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார், எனக்கு. அடுத்து எப்போது என்று கேட்டு, தையல் அளவு குறிக்கும் தன் சின்ன நோட்டில், யாருடைய தோள் அளவுக்கோ கீழே, தேதியை எழுதிக்கொண்டு போனார்.